லினக்ஸில் வீட்டு ரெக்கார்டிங்: எதற்குச் செலவு, எதற்கு வேண்டாம்?

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருபது வருடமாக மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன் சார். மகள் பாடுவாள். இரண்டையும் வீட்டிலேயே பதிவு செய்து மாணவர்களுக்கு அனுப்ப ஆசை. லேப்டாப் 2017-இல் வாங்கியது, 8 ஜிபி ராம். கடையில் விசாரித்தால், "இதில் விண்டோஸ் 11 ஏறாது, புது கம்ப்யூட்டர், ரெக்கார்டிங் சாஃப்ட்வேர், மைக் எல்லாம் சேர்த்து எண்பத்தைந்தாயிரம்" என்கிறார்கள். அக்கா மகனோ, "லினக்ஸ் போட்டுக்கோ மாமா, எல்லாம் ஓசி" என்கிறான். கையில் இருப்பது இருபத்தைந்தாயிரம். யாரை நம்புவது?

பதில்: அக்கா மகனை முக்கால்வாசி நம்பலாம். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டம். சாஃப்ட்வேர் ஓசிதான். மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் ஓசியில் வராது. அதை அவர் சொல்ல மறந்துவிட்டார்.

கடைக்காரர் சொன்னதிலும் ஒரு உண்மை இருக்கிறது. 2017 மாடல்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாதவை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதற்காக மெஷினே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு குரல், ஒரு மிருதங்கம், சுருதி, மூன்று நான்கு ட்ராக் (தனித்தனியாகப் பதிவாகும் ஒலி வரிசை) என்றால் 8 ஜிபி ராம் தாராளம். பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் மட்டும் எஸ்எஸ்டி மாற்றிவிடுங்கள், வித்தியாசம் அன்றே தெரியும்.

முதல் வேலைக்கு ஆகும் செலவு ஒரு 16 ஜிபி பென்டிரைவ். உபுண்டு ஸ்டுடியோ என்ற லினக்ஸ் வகையை இறக்கி, அதில் எழுதச் சொல்லுங்கள். அக்கா மகனுக்கு அரைமணி நேர வேலை. லேப்டாப்பை அந்தப் பென்டிரைவிலிருந்தே ஸ்டார்ட் செய்தால் ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் லினக்ஸ் ஓடும். ரெக்கார்டிங்குக்கு வேண்டியவை அதிலேயே இருக்கும். வை-ஃபை, ஸ்பீக்கர், டச்பேடு எல்லாம் வேலை செய்கிறதா என்று இரண்டு நாள் புழங்கிப் பாருங்கள். பிடித்தால் நிரந்தரமாகப் போடுங்கள், பழைய ஃபைல்களை முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு.

சாஃப்ட்வேருக்கு வருகிறேன். ஆடாசிட்டியை எல்லோருக்கும் தெரியும். ஒரே மூச்சில் பேசியதைப் பதிவு செய்து வெட்டி ஒட்ட அது போதும். நீங்கள் மகள் பாடியதைக் கேட்டுக்கொண்டே மேலே மிருதங்கம் வாசிக்கப் போகிறீர்கள், பிறகு இரண்டின் அளவையும் தனித்தனியே ஏற்றி இறக்குவீர்கள். அதற்கு ஆர்டோர் என்ற பல ட்ராக் ரெக்கார்டிங் மென்பொருள் சரியாக இருக்கும். உபுண்டு ஸ்டுடியோவில் அது ஏற்கெனவே இருக்கிறது, பணம் கேட்காது. ஆர்டோரின் சொந்த இணையதளத்திலிருந்து ரெடிமேடாக இறக்கினால்தான் கட்டணம். அங்கே இலவசமாகக் கிடைக்கும் டெமோ பத்து நிமிடத்தில் ஊமையாகிவிடும். அதைப் பார்த்து, "லினக்ஸே இப்படித்தான்" என்று பலர் முடிவு கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று ரீப்பர். அது திறந்த மூல மென்பொருள் இல்லை, ஆனால் லினக்ஸுக்கென்றே ஒரு பதிப்பு உண்டு. 60 நாள் முழுதாக ஓட்டிப் பார்க்கலாம், தனிநபர் லைசென்ஸ் 60 டாலர். உங்களுக்கு இப்போது தேவையில்லை. ஆறு மாதம் கழித்து ஆர்டோர் கைக்குப் படியவில்லை என்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பணத்தைப் போட வேண்டிய இடம் ஆடியோ இன்டர்ஃபேஸ்தான். மைக்கின் ஒயர் ஒரு பக்கம் செருகி, மறுபக்கம் யூஎஸ்பியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும் சின்னப் பெட்டி. கடையில் பலர் இதையே சவுண்ட் கார்டு என்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இது கிளாஸ் கம்ப்ளையன்டா?" அதாவது யூஎஸ்பி ஆடியோவின் பொது விதிப்படி, தனி டிரைவர் இல்லாமல் ஓடுமா? விற்பவருக்குப் புரியாவிட்டால், "டிரைவர் போடாமல் ஐபேடில் ஓடுமா?" என்று கேளுங்கள். ஐபேடில் ஓடினால் லினக்ஸிலும் அநேகமாக ஓடும். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையும் பெரிங்கரின் யூஎம்சி 202 எச்டியும் லினக்ஸில் நன்றாக ஓடுபவை. ஸ்கார்லெட் என்றால் சோலோ வேண்டாம், 2ஐ2 வாங்குங்கள். சோலோவில் மைக் ஒன்றுதான் போடலாம். மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு (வலப்பக்கம்) ஒன்று, தொப்பிக்கு (இடப்பக்கம்) ஒன்று என்று இரண்டு வேண்டும். ஒரே மைக்கை நடுவில் வைத்தால் தொப்பியின் கும்மென்ற நாதம் வலந்தலையில் விழும் சாப்பின் கணீரை விழுங்கிவிடும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பேசி முடித்து வாங்கிவிடாமல், எஸ்.பி. ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடையோ வேறு எங்கோ, லேப்டாப்பையும் பென்டிரைவையும் கையோடு கொண்டுபோங்கள். கவுண்டரிலேயே லினக்ஸை ஸ்டார்ட் செய்து பெட்டியைச் செருகுங்கள். சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் பட்டியலில் அதன் பெயர் வர வேண்டும். மைக் போட்டு "தா தி தொம் நம்" சொல்லிப் பார்த்தால் லெவல் கோடு துள்ள வேண்டும். பிறகு இரண்டாவது இன்புட்டிலும் அதே சோதனை. பத்து நிமிடம்தான் ஆகும். முகம் சுளிக்கும் கடையில் வாங்காதீர்கள்.

புது ஸ்கார்லெட்டைச் செருகியதும் பென்டிரைவ் மாதிரி ஒரு ஐகான் வந்தால் பழுதென்று நினைக்க வேண்டாம். வாங்கிய பொருளைக் கம்பெனியில் ரெஜிஸ்டர் செய்வதற்காகக் கம்பெனியே வைத்த ஏற்பாடு அது. பவர் கொடுக்கும்போது பெட்டியில் உள்ள 48வி பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் போய்விடும்.

என் சொந்த முட்டாள்தனம் ஒன்று. சில வருடம் முன்பு, "யூஎஸ்பி ரெக்கார்டிங் உண்டு" என்று சொன்னதை நம்பி எட்டு சேனல் மிக்சர் ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து செருகினால், எட்டு சேனலும் கலந்து இரண்டே ட்ராக்காகத்தான் கம்ப்யூட்டருக்குப் போகிறது. பாட்டின் நடுவே தும்மல் விழுந்தால் வயலினோடு சேர்த்துத்தான் வெட்ட வேண்டும். கடையில் யாரும் பொய் சொல்லவில்லை, நான்தான் "தனித்தனி ட்ராக்காகவா?" என்று கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

இருபத்தைந்தாயிரத்தில் பாதிக்குமேல் இன்டர்ஃபேஸுக்குப் போகும். மீதியில் இரண்டு டைனமிக் மைக், ஸ்டாண்டு, மைக்கை இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிள், காதை மூடும் ஹெட்போன் ஒன்று. முதலில் மகளைத் தம்புராவோடு பாடவைத்துப் பதிவு செய்யுங்கள், அப்புறம் அதைக் கேட்டுக்கொண்டே நீங்கள் வாசியுங்கள். இரண்டே மைக்கில் வேலை முடியும். டிஸ்க்கில் இடம் பற்றிக் கவலை வேண்டாம்: பதிவுத் தரம் 48,000 ஹெர்ட்ஸ், 32 பிட் என்றால் ஒரு ட்ராக் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 11.5 எம்பிதான்.

கேள்வி: ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறேன் அண்ணா, கல்லூரி மாணவன். லினக்ஸில் ஆர்டோர் போட்டேன். பாடும்போது ஹெட்போனில் என் குரல் கொஞ்சம் பிந்தி வருகிறது. கடையில் விலை கூடிய இன்டர்ஃபேஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. இது லேட்டன்ஸி, அதாவது ஒலி கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பும் தாமதம். பெரும்பாலும் செட்டிங் விஷயம்.

கம்ப்யூட்டர் ஒலியைச் சொட்டுச் சொட்டாக வாங்காது, ஒரு குடம் நிரம்பியதும் மொத்தமாக எடுத்துக்கொள்ளும். அந்தக் குடத்தின் அளவுதான் பஃபர். 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சொட்டு) பஃபர் 1024 சொட்டு என்றால் ஒரு குடம் நிரம்ப 21 மில்லி செகண்டு. உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை என்று 40-ஐத் தாண்டிவிடும். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். ஆகவே 14 மீட்டர் தள்ளி நின்று ஒருவர் உன் குரலிலேயே பாடுவது போல இருக்கும். எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பஃபரை 128-க்கு இறக்கிப் பார். ஒரு குடத்துக்கு 2.7 மில்லி செகண்டுதான். பொரிகிற மாதிரி டிக் டிக் சத்தம் வந்தால் மெஷினால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று அர்த்தம், 256-க்கு ஏற்று. லேப்டாப்பை சார்ஜரில் போட்டு, பவர் செட்டிங்கை பெர்ஃபாமன்ஸில் வை. பிரவுசரை மூடு. உபுண்டு ஸ்டுடியோ இல்லாமல் சாதாரண லினக்ஸில் ஆர்டோர் போட்டிருந்தால், உன் யூசர் பெயரை ஆடியோ குரூப்பில் சேர்த்துவிட்டு, லாக்-அவுட் செய்து திரும்பி வா. ஒலிக்கு முன்னுரிமை தர சிஸ்டத்துக்கு அந்த அனுமதி வேண்டும். இதைச் செய்யாமல்தான் பாதிப்பேர் திண்டாடுகிறார்கள்.

வெறும் பாட்டு என்றால் இவ்வளவுகூட வேண்டாம். இன்டர்ஃபேஸின் முகப்பில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பட்டன் இருக்கிறதா பார். அதை அழுத்தினால் உன் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேராகக் காதுக்கு வரும். ஆர்டோரில் அந்த ட்ராக்கின் மானிட்டரை (பாடுவதைத் திருப்பிக் கேட்கவைக்கும் வசதியை) மட்டும் அணைத்துவிடு, இல்லையென்றால் இரண்டு குரல் கேட்கும். எலெக்ட்ரிக் கிடாரை கிடாரிக்ஸ் என்ற கிடார் ஆம்ப் மென்பொருள் வழியாக வாசிப்பதானால் இந்தக் குறுக்குவழி உதவாது. அந்த டோன் கம்ப்யூட்டருக்குள்ளேதான் உருவாகிறது, பஃபரைக் குறைத்தே ஆக வேண்டும்.

ஆர்டோரைத் திறந்ததும் யூடியூப் ஊமையானால் அதுவும் பழுது இல்லை. ஆர்டோர் தொடங்கும்போது கேட்கும் ஆடியோ சிஸ்டத்தில் ஆல்சா என்று தேர்ந்தெடுத்தால் இன்டர்ஃபேஸை அது தனக்கே எடுத்துக்கொள்ளும். பல மென்பொருள்களுக்கு ஒலியைப் பகிர்ந்து தரும் ஜாக் அல்லது பைப்வயர் வழியாகப் போனால் இரண்டும் சேர்ந்து ஓடும்.

கேள்வி: "ஸ்டுடியோ லினக்ஸ், வாழ்நாள் லைசென்ஸ்" என்று ஒரு பென்டிரைவை 1,800 ரூபாய்க்கு ஒரு கடையில் வாங்கினேன். இதெல்லாம் இலவசம் என்று இப்போதுதான் தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: விற்றதற்காக மட்டும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆர்டோர் போன்றவை ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வருபவை. அதைக் காசுக்கு விற்க அந்த உரிமமே அனுமதிக்கிறது. பென்டிரைவின் விலை, எழுதிக் கொடுத்த கூலி, கொஞ்சம் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,800 அதிகம், அவ்வளவுதான்.

"வாழ்நாள் லைசென்ஸ்" என்று பில்லில் எழுதியிருக்கிறார் என்றால் கதை வேறு. யாருக்கும் சும்மா கிடைக்கிற உரிமையைத் தான் தருவதாகச் சொல்லிக் காசு வாங்குவது திசைதிருப்பும் விளம்பரம். அந்தப் பில்லைக் காட்டிப் பணத்தைக் கேட்கலாம். பென்டிரைவில் கிராக் செய்த விண்டோஸ் பிளக்-இன் (ரெக்கார்டிங் மென்பொருளுக்கான துணை மென்பொருள்) ஏதாவது இலவச இணைப்பாக இருந்தால் தொடாதீர்கள். அது திருட்டுப் பொருள், கூடவே வைரஸும் வரலாம்.

கேள்வி: 11,500 ரூபாய்க்கு வாங்கிய இன்டர்ஃபேஸில் இரண்டாவது இன்புட்டில் ஒரே உறுமல். ஆறு நாளில் கடைக்கு எடுத்துப்போனால், "லினக்ஸில் போட்டதால் வாரண்டி போச்சு, விற்ற பொருளைத் திரும்ப வாங்கமாட்டோம், பில்லிலேயே அச்சடித்திருக்கிறது" என்கிறார்கள். — டேவிஸ் ரோடு வாசகி

பதில்: சண்டைக்கு முன்னால் மூன்று சோதனை. கேபிளை மாற்றுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். உறுமல் நின்றால் கோளாறு பெரும்பாலும் சார்ஜரிலோ வீட்டு எர்த்திலோதான், பெட்டியில் இல்லை. கடைசியாக, வேறொருவரின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் போட்டு, உறுமலோடு சேர்த்து மொபைலில் வீடியோ எடுங்கள். அங்கேயும் உறுமினால் லினக்ஸ் மேல் போட்ட பழி அத்தோடு முடிந்தது.

பிறகு வாரண்டி அட்டையை எடுத்து, லினக்ஸ் பற்றிய வரி எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் கலக்கிவிடாதீர்கள்: அட்டைப்பெட்டியில் விண்டோஸ், மேக் மட்டும் போட்டிருந்து, லினக்ஸில் ஓடவில்லை என்று நீங்கள் புகார் செய்தால் அது செல்லாது. உங்களுடையது அப்படி இல்லை. ஒரு இன்புட் வேலை செய்து மற்றது உறுமுவது பொருளின் குறை.

பில்லில் அச்சடித்த வாசகத்துக்கு மயங்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. நீங்கள் ஆறாவது நாளே போயிருக்கிறீர்கள். முதலில் கடைக்கு எழுத்தில் ஒரு மின்னஞ்சல், வீடியோவோடு. அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். நீங்கள் பாட்டு சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவராக இருந்தால், "இது வியாபாரத்துக்கு வாங்கியது" என்ற வாதத்துக்கும் பயப்பட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவரும் நுகர்வோர்தான்.

கேள்வி: கே.ஆர். புரம் ரயில் பாதையை ஒட்டி வீடு. கண்டென்சர் மைக் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், ரயில் எல்லாவற்றையும் அது உங்களைவிட நன்றாகக் கேட்கும். டைனமிக் மைக் வாங்கி, வாயிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்துப் பாடுங்கள். இன்டர்ஃபேஸ் மைக்குக்கு அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமான ஃபாண்டம் பவரும் அதற்கு வேண்டாம். ரயில் நேரத்தை மட்டும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.