சத்திரக்காரர் எங்கிருந்து வந்தார்?

கேள்வி: எங்கள் எஸ்டேட் சபையில் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை நடக்கிறது. மரியாளுக்கும் யோசேப்புக்கும் கதவைச் சாத்தும் சத்திரக்காரர் பைபிளில் கிடையாது என்கிறார் புதிய போதகர். லூக்கா 2:7இல் "சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியினால்" என்றுதானே இருக்கிறது?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போதகர் சொல்வது சரி. அந்த வசனத்தில் சத்திரம் உண்டு, சத்திரக்காரர் இல்லை. சத்திரமும்கூடச் சந்தேகம்தான்.

கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கத்தாலுமா'. தங்கும் இடம் எதற்கும் அது பொருந்தும். லூக்கா 22:11இல் இதே சொல் மறுபடி வருகிறது. அங்கே அது பஸ்கா விருந்துக்கு இயேசு கேட்ட அறை, ஒருவர் வீட்டு மாடியில் இருப்பது. காசு வாங்கும் சத்திரத்துக்கு லூக்கா வேறு சொல் வைத்திருக்கிறார்: நல்ல சமாரியன் கதையில் (10:34) 'பந்தோகேயோன்'. இரண்டு பணம் பெறும் சத்திரக்காரரும் அங்கேதான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 2:7, 10:34 இரண்டு இடத்திலும் 'சத்திரம்' என்றே போட்டுவிட்டது.

அதற்காக, சத்திரமே இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. யாத்திராகமம் 4:24இன் பழைய கிரேக்கப் பெயர்ப்பில், மோசே வழியில் தங்கிய இடமும் கத்தாலுமாதான். ஆனாலும் பெத்லகேம் யோசேப்பின் பூர்வீக ஊர். உறவினர் வீட்டு விருந்தினர் அறை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்தப் பக்கத்து வீடுகளில் இரவில் ஆடுமாடுகளை உள்ளேயே, தாழ்ந்த பகுதியில் கட்டுவார்கள். குழந்தையைக் கிடத்திய முன்னணை, அதாவது தீவனத் தொட்டி, குடும்பம் படுக்கும் இடத்தை ஒட்டியே இருக்கும். கல்யாணத்துக்கு ஆள் வந்து இறங்கினால் லயத்து வீட்டில் முன்னறை நிரம்பி, அடுப்படியில் பாய் விரிப்பதில்லையா, அப்படி.

சத்திரக்காரர் வேடத்துப் பையனை நீக்க வேண்டாம், வீட்டுக்காரர் ஆக்குங்கள். முன்னறையில் நாலைந்து பேர் நெருக்கியடித்துப் படுத்திருக்கட்டும். அவர் மரியாளை உள்பக்கம் அழைத்துப் போகட்டும். வந்த இரவே பிரசவம் என்றும் காட்டாதீர்கள். "அவ்விடத்திலே அவர்கள் இருக்கையில்" என்கிறது 2:6. எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

கேள்வி: மாடும் கழுதையுமாவது உண்டா?
- வாசகர், பகாவ்

பதில்: லூக்காவில் இல்லை. "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்" என்ற ஏசாயா 1:3ஐ வைத்து வந்தவை. ஏசாயாவின் கிரேக்கப் பெயர்ப்பிலும் லூக்காவிலும் முன்னணைக்கு ஒரே சொல், 'ஃபாத்னே'. வேடம் கேட்டு அழும் பிள்ளைகள் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.