கேம்ஷாஃப்ட் பெருசா போட்டேன், வண்டி ஏன் இழுக்கல?

கேள்வி: வணக்கம் சார். என்கிட்ட ஷெவர்லே 350 ஸ்மால் பிளாக் (350 கியூபிக் இன்ச் வி8 இன்ஜின்) இருக்கு, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் இழுவையை கியர்பாக்ஸுக்கு கடத்துறது) கம்பெனி போட்டதுதான், சிலிண்டரை மேல மூடுற ஹெட்டும் பழைய 76 சிசி சேம்பர் (கலவை எரியுற குழி) ஹெட், கம்ப்ரெஷன் 8.5 சுமாருக்கு வரும். ஐடில்ல நல்லா உறுமணும்னு ஆசைப்பட்டு 0.050 இன்ச் தூக்கல்ல அளந்தா 244 டிகிரி டியூரேஷன் (வால்வ் திறந்திருக்குற அளவு), 106 டிகிரி லோப் செபரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் மேடுகளோட உச்சங்களுக்கு நடுவுல இருக்குற கோணம்) இருக்குற கேம், அதாவது வால்வைத் திறக்குற கேம்ஷாஃப்ட், போட்டேன். சத்தம் சூப்பரா இருக்கு, ஆனா சிக்னல்ல கிளம்பும்போது முன்ன இருந்ததை விட மந்தம், பிரேக் மிதிச்சா கல்லு மாதிரி இருக்கு. இப்போ 220 சிசி ரன்னர் (ஹெட்டுக்குள்ள காத்து வர்ற பாதை) இருக்குற அலுமினியம் ஹெட் போட்டா எல்லாம் சரியாகிடும்னு ஃபிரெண்ட் சொல்றார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, காசை கொஞ்சம் பிடிச்சு வைங்க. உங்க கேமும் கெட்ட கேம் இல்ல, அந்த ஹெட்டும் கெட்ட ஹெட் இல்ல, ரெண்டுமே 6500 ஆர்.பி.எம்ல ஓடுற இன்ஜினுக்கு செஞ்சது, நீங்க ஓட்டுறது 1500ல இருந்து 5500 வரைக்கும். விரலுக்கேத்த வீக்கம்னு சொல்வாங்களே, இன்ஜினுக்கு அது அப்படியே பொருந்தும்.

உள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. பிஸ்டன் கீழ போய் திரும்பி மேல வர ஆரம்பிச்ச பிறகும் இன்டேக் வால்வ் கொஞ்ச நேரம் திறந்தேதான் இருக்கும், டியூரேஷன் ஏற ஏற அந்த நேரமும் கூடும். 6000 ஆர்.பி.எம்ல காத்து வர்ற வேகத்துக்கு பிஸ்டன் மேல வந்தாலும் உள்ள புகுந்துகிட்டே இருக்கும், அதுதான் பெரிய கேமோட பலமே. அதே 1800ல காத்துக்கு அந்த வேகம் இல்ல, அதனால பிஸ்டன் இழுத்த கலவையில ஒரு பங்கை திரும்ப மேனிஃபோல்டுக்கே தள்ளி விட்டுடும். வால்வ் மூடுன பிறகுதானே அமுக்கமே ஆரம்பிக்குது, ஏற்கனவே 8.5தான் இருக்கு, அதுலயும் லேட்டா மூடினா சிலிண்டர்ல என்ன பிரஷர் மிஞ்சும்? கிளம்பும்போது மந்தமா இருக்குறதுக்கு காரணம் இதுதான். பிரேக் கல்லானது ஓவர்லாப்பால, இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒண்ணா திறந்திருக்குற நேரம் ஜாஸ்தி, லோப் செபரேஷன் 106ன்னு நெருக்கமா இருக்குறதால இன்னும் ஜாஸ்தி, எரிஞ்ச புகை இன்டேக் பக்கம் எட்டிப் பார்க்கும், வேக்கும் (பவர் பிரேக்குக்கு உதவுற உறிஞ்சு சக்தி) விழுந்துடும். ஐடில்ல பொதுவா 15 இன்ச் (பாதரச அளவு) மேல வேக்கும் இருந்தாத்தான் பவர் பிரேக் ஒழுங்கா உதவும், ஒரு கேஜ் மாட்டிப் பாருங்க, உங்களுக்கு அதுல பாதிகூட இருக்குமான்னு சந்தேகம்தான். இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க, பிரேக் விஷயம்.

இப்போ ஹெட். ஆறு அகலமான இடத்துல மெதுவா ஓடும், குறுகுற இடத்துல சீறிப் பாயும் இல்லையா, போர்ட்டும் அப்படித்தான். 350க்கு 220 சிசி ரன்னர் போட்டா கீழ் ஆர்.பி.எம்ல காத்து சோம்பிப் போயிடும், இருக்குற மந்தத்தோட இன்னொரு மந்தம் சேரும். ஸ்ட்ரீட்டுக்கு 170ல இருந்து 190 சிசி தாராளம். அது பத்தாதுன்னு தோணினா ஒரு பழைய கணக்கு இருக்கு, இன்டேக் ஃப்ளோவை 0.257ஆல பெருக்கி சிலிண்டர் எண்ணிக்கையால பெருக்கணும். ஒரு போர்ட் 220 சி.எஃப்.எம் (நிமிஷத்துக்கு 220 கன அடி காத்து) கொடுத்தா எட்டு சிலிண்டருக்கு சுமார் 450 குதிரை வரைக்கும் இடம் இருக்குன்னு அர்த்தம். உங்க ரோட்டு வண்டிக்கு அதுக்கு மேல எதுக்கு?

எந்த லிஃப்ட்ல (வால்வ் தூக்குற உயரத்துல) எவ்வளவு காத்து போகும்னு காட்டுற ஃப்ளோ சார்ட் பார்க்கும்போது கடைசி நம்பரை மட்டும் பார்க்குறது எல்லாரும் செய்யுற தப்பு. 0.600 இன்ச் லிஃப்ட்ல எவ்வளவு வந்தா என்ன, உங்க வால்வ் 0.480 தான் தூக்குதுன்னா அந்த இடத்துக்கு அது போகவே போகாது. உச்சத்தை வால்வ் ஒரு தடவைதான் தொடும், 0.200ல இருந்து 0.400 வரைக்கும் இருக்குற பகுதியை ஏறும்போதும் இறங்கும்போதுமா ரெண்டு தடவை கடக்கும், அதனால அங்க நல்லா காத்து விடுற ஹெட்டைத் தேடுங்க.

நான் உங்க இடத்துல இருந்தா 64 சிசி சேம்பர், 180 சிசி ரன்னர் ஹெட் எடுப்பேன். 76ல இருந்து 64க்கு வந்தாலே கம்ப்ரெஷன் ஏறக்குறைய ஒரு பாயிண்ட் ஏறி 9.5 கிட்ட வந்துடும், அலுமினியம் சூட்டை சீக்கிரம் கடத்துறதால நாக்கிங் (கலவை தானா வெடிக்கிறது) பயமும் இரும்பு ஹெட்டை விட கம்மி. கேம் 0.050ல 218 - 224 டிகிரி, லோப் செபரேஷன் 110 இல்ல 112. ரெண்டு கேமை ஒப்பிடும்போது ரெண்டுமே 0.050 கணக்குதானான்னு பாத்துக்கோங்க, விளம்பரத்துல போடுற டியூரேஷன் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு இடத்துல இருந்து அளக்குறது. ரெண்டு கேமுக்கு நடுவுல குழம்பினா சின்னதை எடுங்க, இதை நான் எத்தனை பேருக்கு சொன்னாலும் சலிக்காம சொல்வேன். உறுமல் கொஞ்சம் குறையும்தான், ஆனா மிதிச்ச உடனே வண்டி முதுகைத் தள்ளும்.

இல்ல, 244 கேமைத்தான் வச்சுப்பேன்னா அது சாத்தியம்தான், ஆனா கம்ப்ரெஷன், உயர்ந்த ஸ்டால் (அதிக ஆர்.பி.எம்ல பிடிக்கிற) கன்வெர்ட்டர், குட்டையான (இழுவை கூடுற) ஆக்ஸில் ரேஷியோ எல்லாத்தையும் அதுக்காக மாத்தணும், அப்புறம் அது தினமும் ஓட்டுற வண்டியா இருக்காது.

கேள்வி: 1996ல இருந்து வந்த ஷெவர்லே வோர்டெக் ஹெட் பழசு ஒரு ஜோடி கிடைக்குது, எங்க 350க்கு போடலாமா?

பதில்: தாராளமா. இரும்புதான், ஆனா கம்பெனி ஹெட்லயே நல்லா காத்து விடுறது அது, சேம்பரும் 64 சிசி. வாங்குறதுக்கு முன்ன விரிசல் இருக்கான்னு மெஷின் ஷாப்ல சோதிச்சிடுங்க. போல்ட் அமைப்பு வேற, அதனால பழைய இன்டேக் மேனிஃபோல்ட் உட்காராது, அதுக்குன்னு தனியா வாங்கணும். அடுத்தது லிஃப்ட், சும்மா அப்படியே போட்டா சுமார் 0.460 தாண்டினாலே ரிட்டெய்னர் (வால்வ் ஸ்பிரிங்கைப் பிடிக்கிற மூடி) போய் வால்வ் கைடுல இடிக்க ஆரம்பிக்கும், அதுக்கு மேல தூக்குற கேம்னா கைடை மெஷின் பண்ணி ஸ்பிரிங்கும் மாத்தணும். இதனாலதான் 1.5 ராக்கரை (லோப் தூக்குறதை 1.5 மடங்காக்கி வால்வை அமுக்குற கை) எடுத்துட்டு 1.6 போடுறவங்களும் கணக்கு பார்க்கணும், லோப் 0.300 தூக்கினா 1.5ல 0.450, 1.6ல 0.480 ஆகிடும்.

கேள்வி: புது கேம், புது ஹெட் மாட்டியாச்சு. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்ன என்ன கவனிக்கணும்?

பதில்: மாட்டுறதுக்கு முன்னயே கேட்டிருக்கலாம், பரவாயில்ல. பிஸ்டன் தலையில களிமண் வச்சு ஹெட்டை மாட்டி கையால ரெண்டு சுத்து சுத்திப் பார்த்தீங்களா? வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இன்டேக் பக்கம் 0.080, எக்ஸாஸ்ட் பக்கம் 0.100 இன்ச்சாவது இடைவெளி வேணும். பார்க்கலைன்னா ஹெட்டை திரும்ப கழட்டுங்க, ஒருநாள் வேலைதான், வால்வ் வளைஞ்சா ஒருநாளோட போகாது. லிஃப்டர்ல இருந்து ராக்கருக்கு போற புஷ்ராட் நீளமும் அப்பவே அளந்துடலாம்.

ஃப்ளாட் டேப்பெட் கேம்னா (லிஃப்டர் அடி லோப் மேல நேரடியா உரசுறது) துத்தநாகம் நிறைய இருக்குற பிரேக் இன் ஆயில் ஊத்துங்க, லோப்லயும் லிஃப்டர் அடியிலயும் அதுக்கான பேஸ்ட் தடவுங்க. ஸ்டார்ட் ஆன உடனே ஐடில்ல விடாம 2000 - 2500ல ஏத்தி இறக்கி 20 நிமிஷமாவது ஓட்டணும், ஏன்னா கேமுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க் சுத்தும்போது தெறிச்சு வர்றதுதான், ஐடில்ல அது பத்தாது. நான் ஆரம்பத்துல இக்னிஷன் டைமிங் சரி பண்றேன்னு பத்து நிமிஷம் ஐடில்லயே விட்டுட்டேன், ஒரு லோப் உருண்டையா தேஞ்சு அந்த இரும்புத்தூள் பேரிங் வரைக்கும் போயிடுச்சு, இன்ஜினை முழுசா பிரிக்க வேண்டியதாப் போச்சு. அதனால டைமிங், கூலன்ட், பெட்ரோல் எல்லாத்தையும் முன்னாடியே சரி பார்த்துட்டு சாவியைத் திருப்புங்க. லிஃப்டர் அடியில உருளை இருக்குற ரோலர் கேம்னா இந்தப் பாடு கிடையாது.