படிக்கும்போது கண் சில சொற்களில் மட்டும் ஏன் அதிகம் தங்குகிறது?

மின்சார ரயிலில் நாளிதழ் படிக்கும்போது கண் சில சொற்களில் தங்கி, சிலவற்றைத் தாண்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கண் வரியில் சீராக நகர்வதில்லை. தாவித் தாவி நிற்கிறது. ஒவ்வொரு நிறுத்தமும் சராசரியாகக் கால் விநாடி. 'கிண்டி' ஒரே பார்வையில் முடியும். 'நுங்கம்பாக்கத்திலிருந்து' என்றால் பெரும்பாலும் இரண்டாவது நிறுத்தம் வேண்டும்.

நீளம் மட்டுமே காரணமில்லை. ஒரே நீளமுள்ள இரண்டு சொற்களில், அரிதானதில்தான் கண் அதிக நேரம் நிற்கும். அந்தத் தாமதம் சில சமயம் அடுத்த சொல்வரை நீளும். தடுமாறிப் படிக்கும் பிள்ளையைக் கவனமில்லை என்று தயவுசெய்து திட்டாதீர்கள், அந்தச் சொல் அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம்.

அப்புறம் எதிர்பார்ப்பு. "கனமழை: சென்னைப் பள்ளிகளுக்கு இன்று" என்று படித்ததுமே 'விடுமுறை' மனதில் வந்துவிடுகிறது, கண் அங்கே குறைவாகவே நிற்கும். ஊகித்த சொல் குட்டியாக இருந்தால் பல நேரம் நிற்காமலே தாண்டிவிடும்.