சிறுவர் விண்வெளிக் கதையில், சீடரை ஏற்க மனமில்லாத குருவை நம்பும்படி எழுதுவது எப்படி?

குரு ஏன் மறுக்கிறார் என்பதற்கு உறுதியான காரணம் வேண்டும். 'சிடுமூஞ்சி, ஆனால் நல்லவர்' என்பது மட்டும் போதாது. பத்து வயது வாசகர் அதை இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். எனக்குப் பிடித்த காரணம் இது: குருவுக்குப் பார்வை மங்கி வருகிறது. கூடவே ஒரு சிறுமி இருந்தால் அது தெரிந்துவிடும் என்ற பயம். இது வெறும் கற்பனையும் அல்ல. நீண்டகாலம் எடையற்ற நிலையில் இருந்த விண்வெளி வீரர்கள் சிலருக்குப் பார்வை மாறியிருக்கிறது.

குருவின் மனமாற்றத்தை வசனத்தால் கொண்டுவராதீர்கள்; ஒரு நெருக்கடியால் கொண்டுவாருங்கள். அவர்கள் செவ்வாய்க்கு அருகே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாயிலிருந்து ஒரு ரேடியோ செய்தி பூமிக்கு வந்து சேரவே, தூரத்தைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடம் ஆகும். விண்கலத்திலிருந்து காற்று கசியும்போது பூமியிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? அவள் அழுத்தமானியைப் படித்துச் சொல்ல வேண்டும், அவர் வால்வைத் திருக வேண்டும். ரகசியமும் அங்கேயே உடைந்துவிடும்.

சரி, அதற்காக அவர் உடனே உருகிவிட வேண்டாம். மறுநாளும் திட்டட்டும், ஆனால் கருவிப்பெட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுத் திட்டட்டும். அப்புறம், கலத்துக்கு வெளியே வெடிச்சத்தம் வைக்காதீர்கள். வெற்றிடத்தில் ஒலி பரவாது; பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள்.