புளூ ஜேஸ் பற்றிக் கேட்ட தம்பிக்கு

தம்பி, ரொறன்ரோ வந்து சில மாதம்தான், வேலைத்தலத்தில் எல்லோரும் பேஸ்பாலும் இந்த ஊர் அணி புளூ ஜேஸும்தான் கதைக்கிறார்கள், சீசன் டிக்கெட் எடுக்கலாமா, ஸ்காபரோவில் எங்கே வாடகை குறைவு என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகைக்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். நான் பேஸ்பாலுக்குச் சொல்கிறேன்.

சீசன் டிக்கெட் வேண்டாம். சீசன் தொடக்கத்தில், ஏப்ரலில், பத்திரிகைகள் எழுதுவதை நம்பி இருநூறு டொலர் ஜெர்சியும் வேண்டாம். நான் வந்த முதல் குளிர்காலம், 2012 நவம்பரில், புளூ ஜேஸ் மயாமி அணியிடமிருந்து ஹோசே ரெயஸ், மார்க் பியூர்லி, ஜோஷ் ஜான்சன் என்று ஒரே பரிமாற்றத்தில் அள்ளிக்கொண்டு வந்தது. டிசம்பரில் நியூயோர்க் மெட்ஸிடமிருந்து ஆர்.ஏ. டிக்கி, சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதை வாங்கிய கையோடு வந்தார். லாஸ் வேகஸ் பந்தயக்காரர்களே இவர்கள்தான் வேர்ல்ட் சீரிஸ் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர்) வெல்வார்கள் என்று பணம் கட்டினார்கள்.

நான் அப்போது ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. முகவர் பிடித்துத் தந்த வேலை. மணிக்கூலியில் ஒரு பங்கு அவருக்குப் போய்விடும். (இப்படிப்பட்டவர்களிடம் அகப்படாதீர்கள். அதிலும் நம்மவர் என்று சிரித்துக்கொண்டு வருபவரிடம்.) சாப்பாட்டு அறையில் யாரும் என்னோடு பேசமாட்டார்கள். பேச எனக்கும் ஆங்கிலம் வராது.

சீசன் தொடங்கியது. 2013 ஏப்ரல் 12, கன்சாஸ் சிற்றியில் இரண்டாம் பேஸுக்குச் சறுக்கிய ரெயஸின் கணுக்கால் பிசகியது. ஜூன் கடைசிவரை ஆள் இல்லை. ஜான்சன் இரண்டு வெற்றி, எட்டுத் தோல்வி. டிக்கியின் நக்கிள்பால் எப்படிப்பட்டது என்று சாப்பாட்டு அறை மேசையில் கூட வேலை செய்த நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஒருவர் எனக்கு ஒரு தோடம்பழத்தில் காட்டினார்: விரல் நுனி இரண்டையும் நகம் பதிய ஊன்றி, சுழலவிடாமல் தள்ள வேண்டும். சுழலாத பந்து எங்கே திரும்பும் என்று எறிபவனுக்கும் தெரியாது, பிடிப்பவனுக்கும் தெரியாது. அதனால்தான் அது சில நாள் வித்தை, சில நாள் வினை.

அன்றிலிருந்து நானும் அந்த மேசையில் உட்கார்ந்தேன். வெல்லும் அணியைப் புகழ நல்ல ஆங்கிலம் வேண்டும். தோற்கும் அணியைத் திட்ட அரைகுறை ஆங்கிலம் தாராளம். "நேற்றும் போச்சா?" என்று கேட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் பத்து நிமிடம் பொரிந்து தள்ளுவார். நான் தலையாட்டிக்கொண்டே சொற்களைப் பொறுக்கினேன். ஸ்கோர் அட்டை எழுதவும் அங்கேதான் பழகினேன். இன்று என்னைவிடத் துல்லியமாக எழுதும் ஆள் எங்கள் தெருவில் இல்லை.

ஜூனில் தொடர்ந்து 11 ஆட்டம் வென்றார்கள். அதுவரை "கிரிக்கெட்டைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்" என்று நக்கலடித்த நம் ஆட்கள் காரில் கொடி கட்டினார்கள். ஓகஸ்டில் ஒரு கொடியும் இல்லை. முப்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் ஓர் இன்னிங்ஸ் உட்கார்ந்து பார்க்காதவர்கள், பிள்ளைகள் தங்களோடு பேசுவதில்லை என்று கல்யாண மண்டபங்களில் குறைப்படுவார்கள். சரி, அது வேறு கதை.

முடிவு 74 வெற்றி, 88 தோல்வி. பிரிவில் கடைசி இடம். முந்திய ஆண்டு அதே கடைசி இடத்தில் கிடந்த பொஸ்ரன் அணி அந்த வருடம் சாம்பியன். 2024இலும் ஜேஸ் அதே 74-88, அதே கடைசி. அடுத்த ஆண்டே வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது ஆட்டம் வரை போய், 11ஆவது இன்னிங்ஸில் தோற்றார்கள். ஏப்ரல் ஆரூடம் எவ்வளவு பெறும் என்று இதிலிருந்தே கணக்குப் போடுங்கள்.

கிழமை நாளில் மைதானத்தின் மேல்மாடி இருக்கைக்கு டிக்கெட் ஒன்று எடுங்கள். பையில் ரோல்ஸ் நாலு கட்டிக்கொண்டு போங்கள், உள்ளே விற்பது யானை விலை. பக்கத்து இருக்கையில் வயதான ஆள் இருந்தால் டிக்கியின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவருக்காக மெட்ஸுக்குக் கொடுத்த பொடியன் நோவா சின்டர்கார்ட் 2015இல் வேர்ல்ட் சீரிஸில் எறிந்து வென்றான் என்பதில் தொடங்குவார். ஆட்டம் முடியும்வரை உங்களுக்குப் பேச்சுத்துணைக்குக் குறைவிராது.