கார்புரேட்டர் மாருதி ஜிப்சியில் எம்பிஎஃப்ஐ (கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோல் பீச்சுகிற) இன்ஜின் மாற்றியிருக்கிறோம். பழைய மீட்டரில் ‘செக் இன்ஜின்’ விளக்கு இல்லை. தனியாக வைக்கணுமா? எப்படி?

கட்டாயம் வைக்கணும். அது இல்லாமல் ஏழு மாதம் ஓட்டிப் பட்டதால் சொல்கிறேன்.

எங்கள் ஜிப்சி குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போய்வருகிற வண்டி. 970 சிசி கார்புரேட்டர் இன்ஜின் ஏற்றத்தில் திணற ஆரம்பித்ததும், 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ இன்ஜினை ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டர் பெட்டி), ஒயரிங்கோடு வாங்கி மார்த்தாண்டத்தில் ஒரு பட்டறையில் மாற்றினோம். ஒயரிங் பார்த்தவர், “மீட்டர்ல அந்த லைட்டுக்கு இடமே இல்ல, இல்லேன்னாலும் வண்டி ஓடும்” என்றார். ஓடத்தான் செய்தது.

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்ததும் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. ஸ்பார்க் பிளக் மாற்றினோம், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினோம், கடைசியில் பேட்டரியும் மாற்றினோம். சென்சாராக இருக்குமோ என்று ஒரு பேச்சு வந்தது. ஆனால் மீட்டரில் டெம்பரேச்சர் முள் ஒழுங்காக ஏறி நின்றதால் அதை விட்டுவிட்டோம். அங்கேதான் ஏமாந்தோம். முள்ளுக்குத் தகவல் கொடுப்பது ஒற்றை ஒயர் சென்சார். ஈசிஎம்முக்குக் கொடுப்பது இரண்டு ஒயர் உள்ள வேறொரு சென்சார். முள் சரியாக இருப்பதால் ஈசிஎம்முக்கும் சூடு தெரிகிறது என்று அர்த்தமில்லை.

அப்புறம் தக்கலையில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “மக்ளே, மொதல்ல அந்த லைட்ட வைப்போம். என்ன தீனம்னு அதுவே சொல்லும்” என்றார்.

வேலை பெரிசில்லை. பல்பின் ஒரு முனைக்கு, சாவி ஆன் ஆனால் மட்டும் வருகிற 12 வோல்ட், ஃப்யூஸ் வழியாக. மறு முனை ஈசிஎம்மில் அந்த விளக்குக்கென்று உள்ள பின்னுக்கு (ஒயர் சேர்கிற ஊசிமுனை). ஈசிஎம் அந்த ஒயருக்கு கரண்ட் தருவதில்லை, உள்ளே எர்த் கொடுக்கிறது. அப்போதுதான் விளக்கு எரியும். ஆகவே பல்பு இல்லாமல் 12 வோல்ட்டை நேரே அந்தப் பின்னில் கொடுத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கிற டிரான்சிஸ்டர் போய்விடும். பேட்டரியிலிருந்து நேராகவும் எடுக்க வேண்டாம். சாவியை அணைத்த பிறகும் பல்பு வழியாக ஈசிஎம்முக்குள் கரண்ட் ஏற வாய்ப்புண்டு. மீட்டருக்குள் போடுகிற 1.4 வாட் பல்பு போதும். 21 வாட் இண்டிகேட்டர் பல்பெல்லாம் அந்தப் பின் தாங்காது. எல்இடி போட்டால் ரெசிஸ்டர் வேணும், சில ஈசிஎம்மில் அது முழுசாக அணையாமல் மங்கலாக மினுங்கும். அதனால் எனக்குப் பல்பு மேல்தான் நம்பிக்கை. டேஷ்போர்டுக்குக் கீழே மஞ்சள் மூடி போட்ட ஒரு ஹோல்டரில் வைத்தோம்.

சாவியை ஆன் செய்தால் எரியணும், இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எங்களுக்கு அணையவில்லை.

இந்தப் பழைய சுசுகி ஈசிஎம்களில் ஸ்கேனர் தேவையில்லை. டயக்னோசிஸ் ஒயரை (கோளாறு பார்க்கவென்றே உள்ள ஒயர்) எர்த் பண்ணினால் விளக்கே மினுங்கிக் கோளாறு எண்ணைச் சொல்லும். பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எண்ணினோம். ஒரு மினுக்கு, சிறு இடைவெளி, நாலு மினுக்கு. 14. கூலன்ட் சென்சார் சர்க்யூட், அதாவது ஈசிஎம்முக்குச் சூடு சொல்கிற அந்த இரண்டு ஒயர் சென்சார். அதன் கனெக்டரைக் கழற்றினால் ஒரு பின் பச்சை பூத்து நூல்போல இற்றிருந்தது. இன்ஜின் குளிர்ந்திருக்கிற விஷயமே ஈசிஎம்முக்குத் தெரியாமல், காலையில் கூடுதல் பெட்ரோல் விடாமல் இருந்திருக்கிறது. கனெக்டரை மாற்றியதும் மறுநாள் காலையில் முதல் சாவிக்கே ஸ்டார்ட். மாற்றிய பேட்டரிக்குக் கொடுத்த காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கூடவே 24-ம் வந்தது, ஸ்பீட் சென்சார். கார்புரேட்டர் வண்டியின் கேபிள் மீட்டரில் அது கிடையாது. உங்களுக்கும் அநேகமாக வரும். சென்சார் உள்ள மீட்டரைத் தேடிப் பிடித்து மாற்றினோம். கோளாறு ஒன்றும் இல்லையென்றால் 12 மட்டும் மினுங்கும்.

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகிற எர்த் பட்டையையும் பாருங்கள். இன்ஜின் இறக்கி ஏற்றும்போது அதை மறந்துவிடுவார்கள். குளச்சல், முட்டம் மாதிரி கடற்கரைப் பக்கம் ஓடுகிற வண்டி என்றால் உப்புக்காற்றில் அந்த போல்ட் துருப்பிடித்து இல்லாத கோளாறையெல்லாம் காட்டும். சார்ஜ் விளக்கில் மட்டும் எல்இடி போடவே வேண்டாம். அந்தப் பல்பு வழியாகப் போகிற கரண்டில்தான் ஆல்டர்னேட்டர் உயிர் பெறுகிறது. ஆயில் விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்கள்.

ஆர்சி புத்தகத்தில் இன்ஜின் நம்பர் மாற்றியாச்சா? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி இன்ஜின் மாற்ற ஆர்டிஓ அனுமதி வேணும். நாகர்கோவில் டிஎன் 74 ஆனாலும் மார்த்தாண்டம் டிஎன் 75 ஆனாலும் அதை முடித்துவிடுங்கள்.

எந்தப் பின் என்று என்னிடம் கேட்க வேண்டாம், ஈசிஎம்முக்கு ஈசிஎம் மாறும். அதன் மேல் ஒட்டியிருக்கிற நம்பரை எழுதி வைத்துக்கொண்டு, அந்த நம்பருக்குரிய ஒயரிங் படம் கையில் வந்த பிறகு ஒயரைத் தொடுங்கள்.