பழைய ஹெவி டியூட்டி பிக்கப் வாங்கறவங்க கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

ரெண்டு வண்டியை தப்பா வாங்கி காசு விட்டுத்தான் இதெல்லாம் கத்துக்கிட்டேன். எஃப்-250, ராம் 2500, சில்வராடோ 2500 மாதிரி வண்டிங்க பத்தி மட்டும் கேளுங்க.

அண்ணா, ஒண்ணு 80,000 மைல், இன்னொண்ணு 1,50,000 மைல். கம்மியா ஓடினதையே எடுத்துரலாம்ல?

அவசரப்படாதீங்க தம்பி. மீட்டர்ல இன்ஜின் அவர்ஸ்னு ஒண்ணு காட்டும், மைலை அதால வகுத்துப் பாருங்க. 1,50,000 மைல் 3,000 மணி நேரத்துல ஓடிருந்தா சராசரி 50, ஹைவேல நிம்மதியா ஓடின வண்டி. அதே 80,000 மைலுக்கு 5,000 மணி நேரம்னா சராசரி வெறும் 16, அதாவது பாதி நாள் நின்ன இடத்துலயே இன்ஜின் உறுமிக்கிட்டு இருந்திருக்கு, மைல் ஏறல ஆனா தேய்மானம் ஏறிருச்சு. நானா இருந்தா அந்த 80,000 மைல் வண்டியை தொட மாட்டேன்.

நேர்ல போனதும் முதல்ல என்ன பாக்கணும்?

நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு விக்கறவர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க. போனதும் பானட்டை தூக்கி இன்ஜின் மேல கை வைங்க. சூடா இருந்தா எதையோ மறைக்கறாங்களோன்னு எனக்கு சந்தேகம் வந்துரும். ராத்திரி பூரா நின்ன வண்டியோட ரேடியேட்டர் ஹோஸை அமுக்கிப் பாருங்க, அப்பவும் கல்லு மாதிரி இருந்தா ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினோட மேல் பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற சீல், போயிருக்க வாய்ப்பிருக்கு. ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து அடங்கினா பரவால்ல, அடங்காம வந்தா பிரச்சனை, நீலமா வந்தா ஆயில் எரியுது. அப்புறம் இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊத்தற மூடியை கழட்டி அதே ஓட்டை மேல கவுத்து வைங்க, லேசா ஆடினா சரி, தூக்கி எறிஞ்சா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க.

அடில புதுசா கருப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்க, நல்லா பராமரிச்சிருக்காங்கன்னு அர்த்தமா?

ஐயோ, அதுல ஏமாந்தவன் நானு! பளபளன்னு இருந்துச்சு, பாத்து மயங்கி வாங்கிட்டேன். மூணு மாசம் கழிச்சு பின்னாடி பட்டை ஸ்ப்ரிங் மாட்டற இடத்துல ஸ்க்ரூடிரைவரை வச்சு சும்மா குத்தினேன், அப்பளத்துல இறங்கற மாதிரி உள்ள போயிருச்சு. உள்ள முழுக்க துருதான். சின்ன சுத்தியலால ஃபிரேமை, அதாவது வண்டியோட அடிச்சட்டத்தை, தட்டிக்கிட்டே போங்க. நல்ல இரும்பு கணீர்னு பேசும், துருப்பிடிச்சது பொத்துனு கேக்கும்.

எந்த இன்ஜின் வேண்டாம்னு சொல்வீங்க?

ஃபோர்டு 6.0 டீசல், 2003ல இருந்து 2007 வரைக்கும் வந்தது. ஆயில் கூலர் அடைச்சு, புகையை திரும்ப இன்ஜினுக்குள்ள விடறதுக்கு முன்னாடி ஆத்தற ஈஜிஆர் கூலர் போயி, ஹெட் கேஸ்கெட்ல வந்து நிக்கும். முந்தின ஓனர் சரி பண்ணின பில்லு கையில இருந்தா மட்டும் யோசிங்க. சில்வராடோல வர்ற டீசல் இன்ஜின் டியூராமேக்ஸ், அதுல 2001-04 மாடல்னா டீசலை பீச்சற இன்ஜெக்டர் மாத்தியாச்சான்னு கேளுங்க. 2011-16 டியூராமேக்ஸ்ல சிபி4னு ஒரு ஹை பிரஷர் டீசல் பம்ப் இருக்கு, அது உடைஞ்சா இரும்புத் தூள் டீசல் போற எல்லா இடத்துக்கும் போயிரும், பம்ப் மட்டும் மாத்தி தப்பிக்க முடியாது. ராம்ல வந்த கம்மின்ஸ் 5.9 டீசல் இன்ஜின் தங்கம், ஆனா அதோட வந்த ஆட்டோ கியர் பாக்ஸுக்கு அந்த பலம் கிடையாது.

சார், தினமும் பசங்கள ஸ்கூல்ல விடணும், வருஷத்துக்கு ரெண்டு தடவ கேம்பர் (தங்கற வசதி உள்ள ட்ரெய்லர்) இழுப்போம். டீசல் வேணுமா?

வேண்டாம்மா, பெட்ரோலே எடுங்க. டீசல் சின்ன சின்ன தூரம் ஓடினா புகை ஃபில்டர்ல கரி எரியற அளவுக்கு சூடே வராது, அடைச்சுக்கும்.

12,000 பவுண்ட் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் (பிக்கப்போட பின் தொட்டிக்குள்ள மாட்டி இழுக்கறது), 2500 தாங்குமா?

இழுத்துரும், சுமக்குமாங்கறதுதான் கேள்வி. அந்த எடைல சுமார் 20 சதவீதம், அதாவது 2,400 பவுண்ட், வண்டி மேல உக்காரும், கூட நீங்க, குடும்பம், ட்ரெய்லரை மாட்டற ஹிட்ச்சு வேற. டிரைவர் கதவுப் பக்கம் ஸ்டிக்கர்ல ஆளும் சரக்கும் சேந்து எவ்வளவுன்னு போட்டிருக்கும். டீசல் 2500ல பல வண்டில அது பத்தாது, அதுக்கு மேல இன்னும் அதிகம் சுமக்கற 3500 பாருங்க.

டெஸ்ட் டிரைவ்ல ஒரு பள்ளத்துல ஏறினதும் ஸ்டீயரிங் பயங்கரமா உதறிச்சு, டயர் பேலன்ஸ்தான்னு விக்கறவர் சொல்றாரு.

பேலன்ஸ்னா ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு வந்தாலே ஆடும், பள்ளம் தேவையில்ல. முன்னாடி அச்சை நேரா பிடிச்சிருக்கற ட்ராக் பார், சக்கரம் திரும்பற பால் ஜாயின்ட் தேஞ்சிருக்கான்னு நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக்க விட்டு பாக்கச் சொல்லுங்க. விக்கறவர் பாக்க விடமாட்டேன்னா சாவியை கொடுத்துட்டு கிளம்புங்க.